பல்லுக்குறுதி

பல்லையும் சொல்லையும் சேர்த்தே எண்ணுவது தமிழர் வழக்கம். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று தொடங்கும் பழமொழி, நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி என்று முடிகிறது. பல் போனால் சொல் போச்சு என்பது அதனினும் எளிய பழமொழி. எதுகை நோக்கி எழுந்த இணைப்பே இது என்று சிலர் கூறக்கூடும். ஆயின் தொல்காப்பியர் இதனை வெறும் ஓசை இன்பமாகக் கொள்ளவில்லை. எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூறும் பிறப்பியலில், தலை, மிடறு, நெஞ்சு, இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பல்லையும் ஓர் உறுப்பாக வைத்து எண்ணினார். நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்தினால் தகரமும் நகரமும் பிறக்கும். நாவின் விளிம்பு தடித்து அவ்விடத்தைச் சேர்ந்தால் லகரம் பிறக்கும். பல்லும் இதழும் இயைந்தால் வகரம் பிறக்கும். பல், சொல் என்னும் இரண்டு சொற்களின் இறுதியிலும் நிற்கும் லகர ஒற்றுக்கே பல்லின் துணை வேண்டும் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இவ்விலக்கணத்தை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கற்பித்த ஆசிரியர் ஒருவர் புக்கிட் பாஞ்சாங்கில் வாழ்கிறார். நீண்ட குன்று என்பது அவ்வூர்ப் பெயரின் மலாய்ப் பொருள். அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அருகே இலகு இரயில் செல்லும்போது, வீட்டுக்குள் இருப்போரின் தனிமையைக் காக்கும்பொருட்டு அதன் கண்ணாடிகள் தாமே மங்கிக் கொள்ளும் ஊர் அது. பணி ஓய்வு பெற்ற பின்னும் அவ்வாசிரியர் ஓய்ந்திருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் சமூக மன்றத்து அறை ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை அமர்த்தி, வாய்விட்டு வாசிக்கப் பழக்கி வருகிறார். வாய்மொழித் தேர்வுக்காக வருகின்ற பிள்ளைகள் பலர். வீட்டில் தமிழ் குறைந்துவிட்டதே என்னும் கவலையால் பெற்றோர் அனுப்பும் பிள்ளைகள் சிலர்.

அவருடைய வகுப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பிழையை முதல் முறை கேட்டபோதே திருத்திவிட வேண்டும் என்பதே அது. "மூன்று முறை விட்டுவிட்டால் பிழை பிழையாக இராது, பழக்கமாகிவிடும்" என்று பெற்றோரிடம் அடிக்கடி சொல்வார். லகரம் ளகரமாகும் நொடியிலேயே அவருடைய சுட்டுவிரல் எழும். பிள்ளை மீண்டும் சொல்லும். பிறகுதான் அடுத்த வரி.

அவருடைய மேல்வரிசை முன்பல் ஒன்று இளமையிலேயே அடிபட்டது. பள்ளித் திடலில் மாணவரோடு பந்தாடியபோது விழுந்ததன் விளைவு. வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றினர். அது மேலும் முப்பது ஆண்டுகள் பணியாற்றிற்று. அறுபத்தாறாம் வயதில் அதன் வேர் நெடுக்குவாட்டில் பிளந்தது. பிளந்த வேரை ஒட்டவைக்கும் வித்தை மருத்துவத்தில் இல்லை. பல்லை எடுத்தனர்.

அடுத்த சனிக்கிழமை அவர் தகரத்தைச் சொன்னபோது காற்றுத்தான் முதலில் வந்தது. வகரமோ இதழோடு இதழ் சேர்ந்து பகரத்தின் பக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதுவே அவருக்குப் பெரிதும் உறைத்தது. ஆசிரியர் சொன்னபடியே அவர்களும் சொன்னார்கள். தம் பிழை பன்னிரண்டு வாய்களில் ஒலிப்பதைக் கேட்ட அவர், வகுப்பைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்தார்.

கழற்றி மாட்டும் பல் தகடு ஒன்று முதலில் செய்து தந்தனர். பல்லின் இடம் நிரம்பியது. ஆனால் தகடு அண்ணத்தை மூடியது. அண்ணத்தில் நா வருடிப் பிறக்கவேண்டிய ழகரம் இப்போது தகட்டில் வழுக்கியது. தகரத்தைக் கொடுத்து ழகரத்தை வாங்கிக்கொண்ட அவ்வாணிகம் அவருக்கு ஒத்துவரவில்லை. தமிழ் என்ற சொல்லின் முதலெழுத்துக்குப் பல் வேண்டும். ஈற்றெழுத்துக்கு அண்ணம் வேண்டும். இரண்டையும் இழவாத வழி இம்பிளாண்ட் ஒன்றுதான் என்று மருத்துவர் கூறினார்.

இம்பிளாண்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டேனியத் திருகு. அது தோன்றிய வரலாறு தற்செயலில் தொடங்குகிறது. சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் பெர் இங்வார் பிரோனமார்க் 1952ஆம் ஆண்டில் எலும்பில் குருதி ஓடும் முறையை ஆராய்ந்து கொண்டிருந்தார். முயலின் கால் எலும்பில் டைட்டேனியத்தாலான சிறு கூடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். ஆய்வு முடிந்து அதை எடுக்க முயன்றபோது வரவில்லை. எலும்பு உலோகத்தைத் தன்னுடையதாக ஏற்று வளர்ந்து பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் கோதன்பர்க் நகரில் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனிய வேர்களைப் பதித்தார். மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. 1982இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே அம்முறை உலகெங்கும் பரவிற்று. அந்த முதல் மனிதர் பதித்த வேர்களோடு நாற்பது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்து 2006இல் மறைந்தார்.

ஆசிரியருக்கும் அவ்வாறே ஒரு வேர் பதிக்கப்பட்டது. எலும்பு பற்றுவதற்குச் சில திங்கள் காத்திருந்தார். பிறகு வேரின்மேல் இணைப்புத் தூண் ஒன்று பொருத்தப்பட்டது. தூணின்மேல் பல்லின் வடிவும் நிறமும் கொண்ட உறை அமர்ந்தது. வேரையும் தூணையும் பிணைத்து நிற்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குறுக்களவே உள்ள ஒரு திருகாணி. தோட்டின் திருகாணியைவிடச் சற்றே பெரிது; அவ்வளவுதான். மருத்துவர் அதனைக் கையால் முடுக்கிவிட்டு, பின்னர் முறுக்குவிசையை அளக்கும் சிறு சாவியால் 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்கு இறுக்கினார். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் மூன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ, அவ்வளவு. ஆசிரியர் அன்று மாலை கண்ணாடியின் முன் நின்று தமிழ் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை வகுப்பு மீண்டும் தொடங்கியது.

மூன்று ஆண்டுகள் குறையின்றிக் கழிந்தன. ஆண்டுதோறும் வந்து காட்டவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதலாண்டு சென்றார். அதன்பின் செல்லவில்லை. வலி இல்லாதபோது மருத்துவரிடம் செல்வது வீண் செலவு என்று அவருக்குப் பட்டது.

நான்காம் ஆண்டில் ஒரு நாள் காலை, நாவின் நுனியால் அப்பல்லைத் தள்ளியபோது ஒரு தாளின் தடிமன் அளவு அது அசைந்ததுபோல் இருந்தது. மறுமுறை தள்ளினார், ஐயம் தோன்றியது. மூன்றாம் முறை தள்ளாமல் விட்டுவிட்டார். வலி இல்லை, குருதி இல்லை, ஈறும் சிவக்கவில்லை. எலும்பில் வேரூன்றிய உலோகம் எங்கே போய்விடும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

அவர் மகளின் குழந்தை தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். வார இறுதிகளில் தாத்தாவின் வீட்டில் தங்குவாள். ஒரு நாள் அவள் கேட்டாள்: "தாத்தா, நீங்கள் தம்பி என்று சொல்லும்போது உள்ளே டிக் என்று ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன?"

"கடிகாரத்தை விழுங்கிவிட்டேன் அம்மா" என்று அவர் சிரித்து மழுப்பினார்.

அவள் விடவில்லை. "இரவில் தூங்கும்போதும் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்கள்" என்றாள். அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. முதல் முறை கேட்ட பிழையைத் திருத்தவேண்டும் என்று பிறர்க்குச் சொன்னவர், தம் வாய்க்குள் கேட்ட ஒலியை ஒன்பது வாரங்கள் கேளாதவர்போல் இருந்தார்.

ஒன்பதாம் வாரத்துச் சனிக்கிழமை, வகுப்புக்குப் புறப்படுமுன் காயா தடவிய மெத்தென்ற ரொட்டித் துண்டைக் கடித்தார். பல் சாய்ந்தது. பதறிக் கையை ஏந்தினார். உறையும் தூணும் முறிந்த திருகாணியின் தலைப்பகுதியும் உள்ளங்கையில் விழுந்தன. தீபாவளி முறுக்கையும் கடலை உருண்டையையும் தாங்கிய பல், ரொட்டிக்கு முறிந்தது. அன்று வகுப்பு நடைபெறவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்தன.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து டௌன்டவுன் பாதையில் ஏறினால், மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மருத்துவ நிலையத்தில் அவருக்குப் பல் பதித்திருந்தனர். அதே இளம் பெண் மருத்துவர் அவரை நாற்காலியில் சாய்த்துப் பார்த்தார். எலும்பில் இருந்த வேர் உறுதியாகவே நின்றது. முறிந்தது திருகாணி மட்டுமே.

தாம் கடினமான பொருள் எதையும் கடிக்கவில்லை என்று ஆசிரியர் முறையிட்டார். மருத்துவர் முறிந்த துண்டைப் பெருக்கிக் காட்டும் கருவியின் கீழ் வைத்துக் காட்டினார். முறிவு முகத்தின் பெரும்பகுதி மெருகிட்டதுபோல் வழவழப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் கரடுமுரடாக இருந்தது. கரட்டுப் பகுதியே இன்று முறிந்தது. வழவழப்பான பகுதி பல வாரங்களாகச் சிறிது சிறிதாகப் பிளந்தது என்று அவர் விளக்கினார். திருகாணியின் புரி அடியில் மயிரிழையினும் மெல்லிய வெடிப்பு தோன்றி, ஒவ்வொரு கடிக்கும் அணுவணுவாக முன்னேறியிருக்கிறது. இத்தகைய முறிவு முகங்களில், கடல்நீர் வடியும்போது மணலில் விட்டுச்செல்லும் கோடுகளைப் போன்ற வரிகள் தென்படுவதுண்டு. வெடிப்பு நின்று நின்று நடந்த தடங்கள் அவை. ரொட்டி செய்த குற்றம், எஞ்சியிருந்த சிறு இழையைத் தொட்டதுதான்.

வேருக்குள் சிக்கியிருந்த மறுபாதியை எடுப்பது கடினம் என்று அவர் அஞ்சினார். மருத்துவர் அதிரும் நுண்முனைக் கருவியால் அதனை மெல்ல எதிர்ப்புறம் சுழற்றினார். இறுக்கம் முன்பே போய்விட்டமையால் அது எளிதாகவே சுழன்று வெளிவந்தது. புரிகள் கெடவில்லை. புதிய திருகாணி வரவழைத்து அடுத்த வாரம் பொருத்தலாம் என்றனர். ஆசிரியர் முறிந்த துண்டுகளைச் சிறு பையில் இட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அவருடைய அடுக்குமாடிக் கட்டடத்திலேயே, விமானப் பராமரிப்பில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வசிக்கிறார். மாலை வேளைகளில் இருவரும் பழைய இரயில் பாதையில் நடப்பது வழக்கம். 2011 ஜூன் 30 வரை தஞ்சோங் பகாரிலிருந்து மலேசியாவுக்கு இரயில்கள் சென்ற அப்பாதையில் இன்று பெரும்பாலும் தண்டவாளம் இல்லை. புல்லும் மரநிழலும் நடப்போருமே உள்ளனர். அன்று மாலை ஆசிரியர் பையை நீட்டினார். முதியவர் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "களைத்துப் போயிருக்கிறது சார்" என்றார்.

இரும்புக்கும் களைப்பு உண்டா என்று ஆசிரியர் வியந்தார். திருக்குறளில் வலியறிதல் அதிகாரம் அவருக்கு நினைவு வந்தது. மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அங்கே சொல்லப்படும் உவமை. "அது வேறு அண்ணே, இது வேறா?" என்று கேட்டார்.

"வேறுதான் சார். உங்கள் வண்டி பாரம் மிகுந்து ஒரே முறையில் முறிந்தது. இது பாரம் மிகாமலே முறிந்தது" என்றார் முதியவர்.

இரயில் பாதையில் நடந்துகொண்டே அவர் சொன்ன கதையும் ஓர் அச்சின் கதைதான். 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் எஞ்சின் அச்சு ஓடும்போதே முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மேல் எடை ஏற்றாத அச்சுகள் ஏன் முறிகின்றன என்பது அக்காலப் பொறியாளர்களை வாட்டிய வினா. பிரஷ்ய இரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர், 1850களிலும் 1860களிலும் அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துச் சுழற்றிச் சோதித்தார். ஒரே முறை ஏற்றினால் தாங்கக்கூடிய விசையை இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் உலோகம் முறியும் என்று காட்டினார். விசை குறையக் குறைய, முறிவதற்கு வேண்டிய சுற்றுகள் பெருகும் என்பதும் அவர் கண்ட உண்மை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று தமிழர் சொல்லி வைத்ததை அவர் எண்களாக எழுதினார் எனலாம்.

முதியவர் அடுத்துச் சொன்னது சிங்கப்பூரில் தொடங்கிய செய்தி. அவர் பணியில் சேர்ந்த நாளில் மூத்த தொழிலாளர் ஒவ்வொருவரும் புதியவர்க்கு அதனைச் சொல்வார்களாம். 1954 ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட காமெட் விமானம், பல ஊர்களில் இறங்கி ஏறி, 10ஆம் நாள் ரோம் நகரை விட்டு மேலெழுந்த சிறிது நேரத்தில் எல்பா தீவின் அருகே கடலில் சிதறி வீழ்ந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமான வகை அது. ஏப்ரலில் அதே வகை விமானம் இன்னொன்றும் வீழ்ந்தது. இங்கிலாந்தில் பார்ன்பரோ ஆய்வுக்கூடத்தார் ஒரு காமெட் விமானத்தின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போதும் இறங்கும்போதும் ஏறி இறங்கும் காற்றழுத்தத்தை நீரால் மீண்டும் மீண்டும் கொடுத்துப் பார்த்தனர். முன்பு பறந்தவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 சுற்றுகளில் அது கிழிந்தது. ஒருமுறைச் சோதனைகளில் வெற்றி பெற்ற விமானம், பலமுறை மீண்ட அழுத்தத்தில் தோற்றது. திறப்புகளின் ஓரங்களிலும் ஆணித் துளைகளிலும் விசை குவிந்து, அங்கிருந்தே வெடிப்புகள் புறப்பட்டன.

"ஆணித் துளையைத்தான் சார் நாங்கள் முதலில் பார்ப்போம். இறக்கை பெரிதாக இருக்கும், அது நின்று போவது ஆணியிடத்தில்" என்றார் அவர். ஆசிரியர் பையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மருத்துவர் புதிய திருகாணியைப் பொருத்தும் முன், அது வேலை செய்யும் முறையை ஆசிரியர் கேட்டறிந்தார். திருகாணி ஆணியைப்போல் குத்தி நிற்பதன்று. இறுக்கும்போது அது கண்ணுக்குப் புலனாகாத அளவு நீள்கிறது. நீண்டது சுருங்க விழைகிறது. அவ்விழைவே தூணையும் வேரையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. மத்தளத்தின் இரு முகங்களையும் வார் இழுத்துப் பிடிப்பது போன்றது அது. வார் தளர்ந்தால் மத்தளம் உடைவதில்லை. முதலில் நாதம் கெடுகிறது.

அந்த உள்ளிழுப்பு இருக்கும்வரை கடியின் விசையைத் தூணும் வேரும் தம் பரப்புகளால் பகிர்ந்துகொள்கின்றன. திருகாணிக்குச் சிறு பங்கே சேர்கிறது. இழுப்புத் தளர்ந்தால் பரப்புகளிடையே இடைவெளி திறக்கிறது. பின்னர் ஒவ்வொரு கடியும் மெல்லிய திருகாணியை வளைத்து நிமிர்த்துகிறது. ஆகவே முறிவுக்கு முன்னே தளர்வு வருகிறது. தளர்வுக்கு அடையாளமாக அசைவும் ஒலியும் வருகின்றன. சிறுமி கேட்ட டிக் என்ற ஒலி அதுவே. மனிதர் மெல்லும் எண்ணிக்கை ஆண்டுக்குச் சில இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை எனப் பலவாறு கணிக்கப்படுகிறது. ஒன்பது வாரங்களில் அத்தளர்ந்த திருகாணி எத்தனை ஆயிரம் முறை வளைந்திருக்கும் என்று ஆசிரியர் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இயற்கைப் பல்லுக்கு இவ்விடர் இல்லை. அது எலும்போடு ஒட்டியிருப்பதன்று. ஏறத்தாழ கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள நார்ப்படலத்தில் தொங்குகிறது. அப்படலம் அதிர்ச்சியை ஏற்கிறது. சோற்றில் ஒரு சிறு மணல் வந்தாலும் உடனே உணர்த்துகிறது. பதித்த வேருக்கு அப்படலம் இல்லை. அது மிகையாகக் கடிபட்டாலும் சொல்லாது. வலி இன்மையை நலம் என்று கொண்டதே ஆசிரியர் செய்த பிழை.

முன்பல்லுக்கு மற்றொரு துன்பமும் உண்டு. பின்பற்களில் விசை பெரும்பாலும் நேர்க்கீழாக இறங்கும். மேல் முன்பல்லிலோ கீழ்ப்பல் பின்புறமிருந்து சாய்வாகத் தள்ளும். சாய்ந்த விசை நெம்புகோலாகி இணைப்பை வளைக்கும். இதனை அறிந்தே, இம்பிளாண்டைச் சோதிக்கும் 14801 எண்ணுடைய அனைத்துலகத் தரமுறை, விசையை 30 பாகை சாய்த்துக் கொடுக்கச் சொல்கிறது. வேரைச் சுற்றிலும் எலும்பு 3 மில்லிமீட்டர் கரைந்துவிட்டதாகவும் கொள்ளச் சொல்கிறது. அந்நிலையில் 50 இலட்சம் சுற்றுகளை முறியாமல் தாங்கும் விசை எது என்று காணவேண்டும். உப்புநீரில் மெதுவாகச் சோதிப்பதாயின் 20 இலட்சம் சுற்றுகள். நல்ல நிலையில் எவ்வளவு தாங்கும் என்று கேளாமல், கெட்ட நிலையில் எவ்வளவு தாங்கும் என்று கேட்பது அத்தரமுறையின் அறிவுடைமை.

இணைப்பின் வடிவமும் காலந்தோறும் மாறியிருக்கிறது. பிரோனமார்க்கின் தொடக்க வடிவத்தில் வேரின் தலையில் 0.7 மில்லிமீட்டர் உயரமுள்ள அறுகோணம் ஒன்று இருந்தது. வேரைத் திருகி இறக்கும் பிடியாகவே அது அமைந்தது. பல வேர்களை ஒரே பாலத்தால் இணைத்த காலத்தில் குறை தெரியவில்லை. தனிப்பல்லுக்கு ஒற்றை வேர் பதிக்கத் தொடங்கியபோது, அக்குட்டையான பிடிப்பினால் திருகாணிகள் தளர்ந்தன. ஆகவே பின்வந்தோர் இணைப்பை வேரின் உள்ளே ஆழமாகக் கொண்டுசென்றனர். சிலர் தூணின் அடியைக் கூம்பாக்கி, கூம்பு வடிவக் குழியில் ஆப்புப்போல் இறுக அமரச் செய்தனர். அவ்வகையில் உராய்வே பெரும்பிடியாகி, திருகாணியின் சுமை குறைகிறது. இருப்பினும் எவ்வடிவமும் கண்காணிப்பின் தேவையை அடியோடு நீக்கவில்லை.

இறுக்குவதிலும் அளவு உண்டு. முறுக்குவிசையில் பெரும்பகுதி திருகாணியின் தலையிலும் புரிகளிலும் உராய்வாகவே செலவாகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுப்பாக மிஞ்சுகிறது. குறைய இறுக்கினால் தளரும். மிக இறுக்கினால் நீண்டது மீளாமல் அங்கேயே நலியும். அளவோடு இறுக்கினாலும், பரப்புகளின் நுண்மேடுகள் நசுங்கி அமர்வதால் இழுப்பில் ஒரு சிறு பங்கு உடனே குறைந்துவிடும். மருத்துவர் புதிய திருகாணியை இறுக்கியபின் பத்து நிமிடங்கள் காத்திருந்து, அதே அளவில் மீண்டும் ஒருமுறை இறுக்கியது அதனால்தான்.

பின்னர் அவர் பல்லுறையின் பின்புறத்தைக் காட்டினார். கீழ்ப்பல் உரசிய இடம் பளபளத்தது. இரவில் பல் கடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். ஆசிரியர் ஒரு நொடி தயங்கி, தம் பேத்தி அவ்வாறு சொன்னதுண்டு என்றார். உரசிய இடத்தை மருத்துவர் சிறிது தேய்த்துக் குறைத்தார். இரவில் அணிவதற்குக் காப்புறை ஒன்றும் அளவெடுத்தார். காரணத்தை நீக்காமல் திருகாணியை மட்டும் மாற்றினால் இதே கதை மீண்டும் நிகழும் என்றார். அசைவு தெரிந்த நாளிலேயே வந்திருந்தால் சிறிது நேரத்தில் முடிந்திருக்கும் வேலை என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

திரும்பும் வழியில் சிராங்கூன் சாலையின் நகைக்கடைகளின் முன் ஆசிரியர் சற்று நின்றார். மறைந்த அவருடைய மனைவி தோட்டைக் கழற்றாமலே நாள்தோறும் காலையில் திருகாணியை விரலால் ஒருமுறை தொட்டு முடுக்கிக்கொள்வார். நாற்பது ஆண்டுகளில் ஒரு தோட்டையும் தொலைத்ததில்லை. அதனை அக்காலத்தில் வீண் பழக்கம் என்று இவர் கேலி செய்ததுண்டு.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு நடைபெற்றது. தேர்வுக்கு இரண்டு வாரங்கள் இருந்தன. பிள்ளைகள் வருமுன் அவர் பேத்தியை எதிரே அமர்த்திக்கொண்டு ஐந்து சொற்களை நிறுத்திச் சொன்னார்: தந்தம், நந்தவனம், வவ்வால், பல், சொல். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சத்தம் ஒன்றும் வரவில்லை தாத்தா."

"வந்தால் சொல்வாயா?"

"அன்றைக்கே சொன்னேனே தாத்தா" என்றாள் அவள்.

ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. வாரந்தோறும் அவ்வைந்து சொற்களை அவள் முன் சொல்லிக்காட்டிய பின்னரே அவர் வகுப்பைத் தொடங்குகிறார். வீட்டு நாட்காட்டியில் மருத்துவரைக் காணவேண்டிய நாள் சிவப்பு மையால் குறிக்கப்பட்டிருக்கிறது. முறிந்த திருகாணி அவருடைய மேசையில், சுண்ணக்கட்டிப் பெட்டியின் அருகே இருக்கிறது.